கோட்டையூர் பஸ்ஸில் போன டோக்கன்

செக்காலையில் உள்ள எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸுக்கு ஒரு காலையில், எங்களிடம் வேலை பார்க்கும் ஃபரிதா வெறுங்கையோடு வந்து நின்றாள். "அண்ணே, லேப்டாப்பை டவுன் பஸ்லயே விட்டுட்டு இறங்கிட்டேன்."

கட்டளை தட்டி வேலை செய்யும் டூல்கள், ஒருமுறை லாகின் ஆனதும் ஒரு டோக்கனைச் சாவியாக வைத்துக்கொள்ளும். அவளுடைய டோக்கன் ஒரு மருத்துவமனை சர்வருக்கானது. அது வெளியே போனால் நோயாளிகளின் ரிப்போர்ட் அத்தனையும் சந்திக்கு வந்துவிடும். அதை ரத்து செய்ய வேண்டிய மருத்துவமனை ஆளோ ஃபோனை எடுக்கவில்லை.

டோக்கனைக் கீரிங்கில் வையுங்கள் என்று எல்லோர் உயிரையும் வாங்கியவன் நான். கீரிங் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பூட்டிய பெட்டி. லாகின் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. "உங்க இம்சை தாங்கலண்ணே" என்று முனகிக்கொண்டேதான் ஃபரிதா மாற்றினாள். ஆனால் இந்த டூலுக்கு ஒரு கெட்ட புத்தி. கீரிங் கிடைக்காவிட்டால் சத்தங்காட்டாமல் டோக்கனைச் சாதாரண ஃபைலில் எழுதிவிடும். அவள் மெஷினில் எது நடந்தது என்று இருவருக்குமே தெரியாது.

மதியம் கோட்டையூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் ஃபரிதாவுக்கு ஃபோன் செய்தார். ஓடினோம்.

"கண்டக்டர் குடுத்துட்டுப் போனாரு. யாரு பொருள்னு தெரியணும்ல, டிஸ்க்கைக் கழட்டி என் சிஸ்டத்துல மாட்டி ஒவ்வொரு ஃபைலாத் திறந்தேன். பயோடேட்டால நம்பர் இருந்துச்சு. தப்பா எடுத்துக்கிடாதீக" என்றார்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினால், சாதாரண ஃபைல்கள் பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துவிடும். நான் அவர் சிஸ்டத்திலேயே அந்த டூலின் சாதாரண ஃபைலைத் திறந்தேன். அவள் பெயர் இருந்தது, சர்வர் முகவரி இருந்தது. டோக்கன் இல்லை.

"இந்தா, இந்த ஒரு ஃபைல்தான் கிறுக்கலா வருது சார். கெட்டுப்போச்சு போல. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன்."

அதுதான் கீரிங்.

அந்தக் கிறுக்கலையே பார்த்துக்கொண்டு நின்றேன். டோக்கன் அதற்குள்தான் இருக்கிறது. அவர் கண்ணுக்கும் தெரியவில்லை, இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட என் கண்ணுக்கும் தெரியவில்லை. டிஸ்க்கைத் திரும்ப மாட்டி ஃபரிதா பாஸ்வேர்டைத் தட்டினாள். அடுத்த கட்டளைக்கே சர்வர் அவளை உள்ளே விட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கீரிங்கை எழுதிய முகம் தெரியாத யாரோ போட்டு வைத்த பூட்டு, எங்கள் ஊர் நோயாளிகளின் மானத்தைக் காத்து நின்றது.

"அப்ப இதே டோக்கன் இருக்கட்டுமாண்ணே?"

"அது வேற. கை மாறின சாவியை வச்சுக்கிடக் கூடாது."

சாயங்காலம் மருத்துவமனை ஆள் கிடைத்தார், பழையதை ரத்து செய்தோம். இளையவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பத்திரமாக வைத்துவிட்டோம் என்று நம்பி எழுந்துபோகாதீர்கள், அது எங்கே போய் உட்கார்ந்தது என்று திறந்து பாருங்கள்.

புது டோக்கன் வந்ததும் நான் வாயைத் திறக்கும் முன்பே ஃபரிதா திரையை இங்குட்டுத் திருப்பினாள். "பாத்துட்டேண்ணே. பெட்டிக்குள்ளதான் இருக்கு."