ஆமாம், தூக்கித்தான் அடித்தோம்

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் ஒரு பாடசாலை விளையாட்டு விழா. பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்பதால் என்னையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஓர் இளம் உதைபந்தாட்டப் பயிற்சியாளர். கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். நன்றாகத்தான் பேசினார். நடுவில் பிள்ளைகளைப் பார்த்து இப்படிச் சொன்னார்:

"முந்தி இந்தப் பக்கத்துத் தோட்ட டீமெல்லாம் எப்பிடி விளையாடுச்சுன்னு தெரியுமா? பின்னுக்கு நிக்கிறவர் தூக்கி அடிப்பாரு. முன்னுக்கு நிக்கிறவர் ஓடுவாரு. அவ்வளவுதான். மூளைக்கு வேலையே இல்ல. நீங்க அப்பிடி விளையாடக் கூடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்படியான ஒரு டீமில் ஆறு வருடம் ரைட் பேக் விளையாடியவன் நான் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? என் முறை வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சபை நாகரிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வந்தது. நல்லவேளை... வாரா வாரம் இந்தப் பக்கம் எனக்கு இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அப்போது நான் ஆசிரியர். எங்கள் மைதானம் ஒரு மலைச்சரிவு. பழைய தேயிலையைப் பிடுங்கிப்போட்டு இரண்டு பக்கமும் கம்பு நட்டால், அதற்குப் பெயர் மைதானம். அங்கே பந்தைத் தரையில் பாஸ் பண்ணினால் நண்பனின் காலுக்குப் போகாது, நேரே கீழே இருக்கிற தண்ணீர்க் கானுக்குள் போய் விழும். எடுத்துக்கொண்டு வரக் கால்மணி நேரம். அப்படியென்றால் என்ன செய்வது? தூக்கி அடித்தோம். ஆகாயத்துக்குச் சரிவு கிடையாதே.

அடிப்பவர் எங்கள் கேப்டன் அந்தோணி. தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின் பார்க்கிறவர். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சட்டையோடு மைதானத்துக்கு வருவார். நடுப் பின்களத்தில் நின்று ஓர் உதை விட்டால் பந்து மறு பக்கத்து கோல் வரை போகும். அதை வாங்குகிறவர் நவ்பர். மாத்தளை டவுனில் அவருக்குத் துணிக்கடை. நல்ல உயரம். ஓட்டம் சுமார்தான். ஆனால் உயரத்தில் வருகிற எந்தப் பந்துக்கும் முதலில் போய்ச் சேர்வது அவருடைய தலை. "அந்தோணி அடிக்கிறது பந்தில்ல, எனக்கு எழுதுற காயிதம்" என்பார்.

தரையில் விளையாடத் தெரிந்த ஒருவரும் இருந்தார். சந்திரன். நடுக்களம். வயது இருபத்திரண்டு, கொழுந்து லொறியில் வேலை. காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் டவுன் மைதானத்தில் வாரம் ஒருநாள் பழகினோம். சந்திரன் எங்களுக்கு மெல்ல மெல்லப் பாஸ் பழக்கினார். மூளைக்கு வேலை கொடுத்தோம் ஐயா! அதனால்தான் ஒரு போட்டித் தொடரில் அரையிறுதி வரை வந்தோம். ஆட்டம் கலேவெலவில்.

ஒரு வேனில் பதின்மூன்று பேர் புறப்பட்டோம். யுத்த காலம் அது. பாதி வழியில் சோதனைச் சாவடி. இறங்கச் சொன்னார்கள். வரிசையில் நின்றோம். அடையாள அட்டையை எடுத்து நீட்டச் சொன்னார்கள்.

ஒன்பது பேரிடம் இருந்தது. நான்கு பேரிடம் இல்லை. அந்த நால்வரில் சந்திரனும் ஒருவர்.

ஏன் இல்லை என்று கேட்கிறீர்களா? பிறந்தது இங்கே. அப்பா பிறந்ததும் இங்கே. ஆனால் பிறப்பைப் பதிந்த தாள் இல்லை. குடும்பத்தின் பிரஜாவுரிமைக் கடிதம் எந்த அரசாங்கக் கந்தோரில், எந்த அலுமாரியில் தூங்குகிறது என்று தெரியாது. சந்திரன் மூன்று தடவை விண்ணப்பித்துவிட்டார். அப்படியானால் எனக்கு அட்டை எப்படி வந்தது? நான் அரசாங்க ஆசிரியர். என்னைத் தேடி வந்து கொடுத்தார்கள். அன்றைக்கு அதை நீட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர் சத்தம் போடவில்லை. சிங்களத்தில் அமைதியாகத்தான் சொன்னார். "மெட்ச் விளையாடப் போவது உண்மையென்றால், மெட்ச் நடத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் வந்து சொல்லட்டும். அதுவரை இந்த நான்கு பேரும் இங்கே இருக்கட்டும்."

வேனுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தோம். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "மெட்ச் வேணாம் அந்தோணி. நாம இங்கயே நிப்போம்."

சாவடியின் நிழலில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த சந்திரனுக்கு அது கேட்டுவிட்டது.

"சார், நீங்க விளையாடாம நின்னீங்கன்னா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆயிரும். போய் விளையாடுங்க. அந்தாளக் கூட்டிக்கிட்டு வாங்க."

போனோம்.  வழியெல்லாம் நவ்பர் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார்.

போட்டியை நடத்தியவர் பண்டார என்ற விளையாட்டு ஆசிரியர். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "நான் வருகிறேன். கட்டாயம் வருகிறேன். ஆனால் நீங்கள் விளையாடாவிட்டால் நான் மெட்ச் தாளில் என்ன எழுதுவேன்? டீம் வரவில்லை என்றுதான் எழுத வேண்டி வரும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் யார் நம்புவார்கள்? முழு ஆட்டமும் ஆடுங்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் — அதை மட்டும் மறக்காதீர்கள்."

ஒன்பது பேர், பதினொரு பேருக்கு எதிராக. கலேவெல மைதானம் மேசை மாதிரி மட்டம். பாஸ் விளையாட நாங்கள் ஆசைப்பட்ட மைதானம் அது. ஆனால் பாஸ் கொடுக்கத் தெரிந்தவர் சாவடியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தோணி எங்களை வட்டமாக நிற்க வைத்தார். "நவ்பர் நானா மட்டும் முன்னுக்கு. மத்த எல்லாரும் பின்னுக்கு. பந்து வந்தா யோசிக்காதீங்க, எனக்கிட்ட தாங்க. நான் மேல அனுப்புறேன்."

அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் பந்து மேலே போக, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். "உட... உட..." என்று கூவினார்கள். சிங்களத்தில் உட என்றால் மேலே. தோட்டத்து ஆட்களுக்கு ஆகாயத்தில்தான் விளையாடத் தெரியும் என்று ஒருவர் கத்தினார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பந்து ஆகாயத்தில் இருக்கிற அந்த நான்கைந்து விநாடிதான் நாங்கள் மூச்சு விடுகிற நேரம். பந்து கீழே இருக்கும்வரை ஒருவன் இரண்டு பேருக்கு ஓட வேண்டும். அதுவும் கலேவெல வெயிலில், மலைக்குளிரில் வளர்ந்த எங்கள் உடம்போடு.

இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் வாங்கிவிட்டோம். இடைவேளைக்குப் பிறகு எங்கள் லெஃப்ட் பேக் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து வெளியே போனார். எட்டுப் பேர். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கணுக்கால் சுளுக்கியது. உட்கார்ந்துவிட்டேன். அந்தோணி ஓடி வந்தார். கை கொடுத்து எழுப்புவார் என்று நினைத்தேன். கை கொடுக்கவில்லை. குனிந்து காதோடு சொன்னார்:

"சார், நீங்களும் போனா ஏழு பேர்தான், இன்னொருத்தர் விழுந்தா மெட்ச நிப்பாட்டிருவாங்க. நொண்டிக்கிட்டாவது நில்லுங்க. பந்த தொட வேணாம். சும்மா நின்னாப் போதும்."

நின்றேன். கோட்டோரமாக ஒற்றைக்காலில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை எது என்று யாராவது கேட்டால், அந்த அரை மணி நேரம் விழாமல் நின்றதைத்தான் சொல்வேன்.

ஆட்டம் முடிய இருக்கும்போது அந்தோணி ஒரு பந்தைத் தூக்கினார். அது போன உயரத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. எதிரணியில் மூன்று பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூரியன் நேரே கண்ணுக்குள். நவ்பர் மட்டும் எழும்பினார். கோல்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. கடைசி நிமிடங்களில் அவர்கள் இரண்டாவது கோலைப் போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. தோற்றுவிட்டோம். ஆனால் விசில் ஊதும்போது எட்டுப் பேரும் மைதானத்தில் இருந்தோம்.

பண்டார மாத்தயா — சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா — சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். தாளில் முத்திரை குத்தி, தன் மோட்டார் சைக்கிளில் வேனுக்கு முன்னால் போனார். பொழுது சாய்கிற நேரம் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று பேரை விட்டுவிட்டார்கள். சந்திரன் அங்கே இல்லை. மேலதிக விசாரணைக்கு வேறிடம் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள்.

பதினேழு நாள். அந்தோணியும் நானும் அலைந்தோம். பண்டார மாத்தயாவும் இரண்டு தடவை வந்தார். அந்தத் தாளைக் காட்டிக் காட்டி மடிப்பே கிழிந்துவிட்டது. பதினேழாவது நாள் சந்திரன் வீட்டுக்கு வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. மூன்று மாதம் அவர் பந்துப் பக்கமே வரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்தோணி அழவில்லை, திட்டவில்லை. டீமைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"இனி சனிக்கிழமை பிராக்டிஸ் இல்ல. மொதல்ல ஐடென்டி காட்."

நான் பாடசாலையின் பழைய பதிவேடுகளை, சேர்வு இடாப்புகளைத் தூசி தட்டிப் பிறந்த திகதிகளைத் தேடி எடுத்தேன். விண்ணப்பங்களை நிரப்பினேன். சனிக்கிழமை காலை டீம் முழுவதும் — அட்டை இருந்தவர்களும்தான் — சிவப்பு ஜெர்சியோடு அட்டை கொடுக்கிற கந்தோர் வாசலில் போய் வரிசையாக நின்றோம். நவ்பர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். அடுத்த சனி. அதற்கடுத்த சனி. அங்கிருந்த கிளார்க் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "இதென்ன, விளையாட்டு மைதானமா?"

அந்தோணி பணிவாகத்தான் பதில் சொன்னார். "இல்லீங்க மாத்தயா. இங்க வேல முடிஞ்சாத்தான் எங்களுக்கு மைதானம்."

மழையிலும் நின்றோம். திருப்பி அனுப்பிய தாள்களைத் திருத்தி மறுபடியும் நீட்டினோம். ஒரு வருடம் முடிவதற்குள் நான்கு பேருக்கும் அட்டை வந்தது. தோட்டத்து லயன் வீடுகளில் இன்னும் பலருக்கும் வந்தது. சிவப்பு ஜெர்சி வரிசையில் அம்மாமாரும் வந்து சேர்ந்துகொண்டதன் பலன்.

இப்போது சொல்லுங்கள் பயிற்சியாளரே... எங்கள் மூளைக்கு வேலை இருந்ததா, இல்லையா? நீங்கள் பிள்ளைகளுக்குப் பாஸ் கற்றுக்கொடுங்கள். தாராளமாக. அழகான ஆட்டம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு டீம் ஏன் அப்படி விளையாடுகிறது என்று கேட்காமல் அதைப் பார்த்துச் சிரிக்கவும் கூடவே கற்றுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த வருடம் அதே தொடர், அதே கலேவெல. சாவடியில் பதின்மூன்று அட்டைகளை நீட்டினோம். பார்த்தார்கள், திருப்பித் தந்தார்கள், போகச் சொன்னார்கள். சந்திரன் வேனில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து, வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். ஒன்றுகூடப் போடவில்லை.

பதினொரு பேரும் சேர்ந்து தோற்றோம் — அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஆட்டத்தையும் ஜெயித்ததில்லை.