அடியில் இருந்த கை

அருங்காட்சியகத்தில் நான் காவல் நிற்கும் அறை எப்போதும் அரை இருட்டு. ஐந்நூறு வருடத்துக் காகிதம் வெளிச்சம் தாங்காதாம். எனக்கும் அதுவே வசதி. விவாகரத்துக்குப் பிறகு நகரத்தின் ஓரத்தில், ரொம்மனில் தனியாக இருக்கிறேன். கலியாண அழைப்பிதழ்கள் வருவதில்லை, தொலைபேசியும் அடிப்பதில்லை. சில சனி ஞாயிறுகளில் என் குரலையே நான் கேட்பதில்லை. துணைக்குச் சுவரில் தொங்கும் இந்த இத்தாலியக் கோட்டோவியங்கள்தான்.

அவற்றிலும் என்ன வாழ்கிறது. சுவர் முழுக்கப் பழைய கிரேக்கக் கதைகள். தேவர்கள் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே 'காதல்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேவனின் முதுகுத் தசைக்கு நூறு கோடு இழைத்த மகராசன், பெண்ணின் முகத்தை மூன்று கோட்டில் முடித்திருக்கிறான். ஒரு படத்தில் அவள் கை தேவனின் தோளில் இதமாகக் கிடக்கிறது. பல நாள் பார்த்து நின்றதில் அதன் அடியில் இன்னொரு கை தெரிந்தது. முதலில் வரைந்து, பிறகு மனம் மாறி, மேலே கோடிழுத்து மறைத்த கை. அது தேவனின் முகத்தைத் தள்ளுகிறது.

போன கிழமை என் முன்னாள் கணவரின் தங்கை, என் மச்சாள், அந்த அறைக்குள் வந்தாள். முன்பு பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். அவர் என்னை அடித்தபோது அவள் குசினியில், அடுப்படியில்தான் நின்றாள். சமாதானம் பேச வந்த பெரியவர்களிடம், "மச்சாள் வாசலிலை ஐஸிலை சறுக்கி விழுந்தவ" என்றாள். இந்தப் பனி ஊரில் சறுக்கி விழாதவர் யார்? எல்லோரும் நம்பினார்கள். பொய்க்காரி ஆனது நான்.

என்னைக் கண்டதும் திகைத்தாள்.

"இஞ்சையோ வேலை? நிரந்தரமோ?"

"ஓம்."

அவளை அந்தப் படத்தின் முன் கூட்டிப்போய், கண்ணாடியைத் தொடாமல் விரலால் காட்டினேன்.

"அந்தக் கைக்குக் கீழை பாரும்."

நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது.

"தள்ளுறாள், என்ன," என்றாள். பிறகு மெல்ல, "எனக்கு அண்டைக்கு, குசினியிலையும் தெரிஞ்சது, மச்சாள்."

ஏழு வருடமாக நான் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்கு. அவள் கையைப் பிடித்தேன். அவளும் இறுகப் பிடித்தாள். அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. அண்ணன்தான். எங்கே, யாரோடு என்று கேட்டிருக்க வேண்டும்.

"மியூசியத்திலை, அண்ணா," என்றாள், என் கையை விடாமலே. "ஒருத்தரும் இல்லை. தனியத்தான் நிக்கிறன்."