குடிக்காத பால்

ஊரில் அவளைக் கறார் என்றுதான் சொல்வார்கள். பாலில் சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டாள். அளவுக்கு மேல் சொட்டுப் பாலும் ஊற்ற மாட்டாள். கணவன் இறந்த பிறகு இரண்டு மாடுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. பக்கத்து வீட்டுக் கொழுந்தனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரு வீட்டுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது கிணற்றடித் தண்ணீர்த் தொட்டி மட்டும்.

அன்று காலை தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த மாடுகளுக்கு வாயிலிருந்து எச்சில் கயிறாக இறங்கியது. தோல் துடிதுடித்தது. மாட்டு டாக்டர் வருவதற்குள் பால் வற்றிய மாடு செத்துவிட்டது. கறவை மாட்டுக்கு ஊசி மேல் ஊசி போட்டார்.

“பூச்சிமருந்தும்மா. தொட்டியில யாரோ ஸ்பிரேயர் கழுவியிருக்காங்க. பாலை யாருக்கும் ஊத்தாதீங்க.”

நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

“பூசணம் புடிச்ச தீவனத்தைப் போட்டுட்டு என் தலையில கட்டாதீங்க அண்ணி. நான் வாய்க்கால்ல கழுவினேன்.”

மாலையில் மடியில் சுரந்த கொஞ்சம் பாலைக் கறந்து, செம்போடு அவன் வாசலில் வைத்தாள்.

“மருந்து இல்லன்னா இது நல்ல பால்தானே. குடி.”

அவன் செம்பையே பார்த்தான். உள்ளேயிருந்து ஓடிவந்த அவன் சின்ன மகள் கையை நீட்டினாள். பதறிப்போய்ச் செம்பை எட்டி உதைத்தான்.

அவன் மனைவிக்குப் புரிந்துவிட்டது. “தொட்டியிலயா கழுவுனீங்க?”

“வாய்க்கால் காஞ்சு கெடந்துச்சு,” என்று முனகினான்.

பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினாள். “புள்ள குடிச்சிருந்தா?”

“உன் புருஷன் விடமாட்டான்னு தெரியும்.”

கறவை மாடு தேறி நடமாடியது. சில வாரம் கழித்துப் பின்னங்கால்கள் இழுபட ஆரம்பித்தன. ஒருநாள் படுத்தது எழவில்லை. சில பூச்சிமருந்துகள் நரம்பை இப்படி மெதுவாகத்தான் தின்னும், இதற்கு வைத்தியம் இல்லை என்றார் டாக்டர்.

படுத்த மாட்டைப் புண் வராமல் புரட்டிப் போட ஆள் வேண்டும். கொழுந்தன் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

“நான் ஒரு கை புடிக்கிறேன் அண்ணி.”

“கால உள்ள வச்சே, வெட்டிடுவேன்.”

அவன் மனைவி மட்டும் தினமும் வந்தாள். இருவரும் சேர்ந்து மாட்டைப் புரட்டினார்கள். அது நாளுக்கு நாள் இளைத்துச் செத்தது.

புதைத்த கையோடு கடப்பாரையை எடுத்துத் தொட்டியை உடைத்தாள். தன் வாசலிலிருந்து கொழுந்தன் பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்க வரவில்லை.