அவர் கொடுத்த சாவி

தொண்ணூறுகளில் தெங்கேரா கடைத்தெருவில் பழைய கடிகாரம், கிராமபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞன் கிராமபோன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"செத்துப்போன அப்பாவோடது, அண்ணே. சும்மாதான் கிடக்கு. கிளீன் பண்ணிக் கொடுங்க லா."

யாரோ கைப்பிடியைத் திருகி முழுச் சாவி கொடுத்து வைத்திருந்தார்கள். ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது பெட்டியைத் திறந்தால் விரல் போய்விடும். அதனால் தடையை விலக்கி, ஸ்பிரிங் தளரும்வரை ரிக்கார்டு வைக்கும் தட்டை வெறுமனே சுற்ற விட்டுவிட்டு, எதிர்க்கடைக்குக் கோப்பி குடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது தட்டு நின்றிருந்தது.

பெட்டியை வாங்கிப்போக அவனுடைய அம்மா வந்தார். கைப்பிடியை லேசாகத் திருகிப் பார்த்தார். அது தளர்வாகச் சுற்றியது.

"இதுல சாவி இருந்திச்சே, தம்பி?"

"அத இறக்கிட்டுத்தான்மா வேல பார்க்கணும்."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாவி கொடுத்துட்டு, ரிக்கார்டு எடுக்க எந்திரிச்சவரு அப்படியே விழுந்துட்டாரு. அவரு கை திருகுனது அதுக்குள்ள இருந்திச்சு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் தொட்டதே இல்ல. மகன்கிட்ட சொன்னதும் இல்ல."

பிறகு அவரே கேட்டார்.

"எவ்வளவு நேரம் சுத்துச்சு?"

பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"ரொம்ப நேரம் சுத்துச்சும்மா."

அவர் தலையாட்டினார். "அவரு எப்பவும் நல்லா இறுக்கித்தான் கொடுப்பாரு."

இப்போதெல்லாம் ஸ்பிரிங்கை இறக்கும்போது தட்டு நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனால் அன்று அது எவ்வளவு நேரம் சுற்றியது என்பது எனக்குத் தெரியவே போவதில்லை.