ஞானம்மாள் வீட்டுக்கு வந்த ஒரு நாள் செல்வம்

தாலூகா ஆபீஸ் குமாஸ்தா ஞானம்மாளின் குடிசைக்குள் குனிந்து நுழைந்தபோது, கட்டிலுக்கு அடியில் ஒரு கோழி கொக்கரித்தது. ஞானம்மாளுக்குக் கோழி கிடையாது. கட்டிலும் கிடையாது.

அப்போது நான் இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சபையில் உபதேசியாராக இருந்தேன். நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். இன்றைக்கு ஊழியத்துக்கு வரும் பிள்ளைகள், உபதேசியார் என்றால் பிரசங்கம் செய்கிறவர் என்று நினைக்கிறார்கள். பிரசங்கம் வாரத்துக்கு ஒரு நாள். மற்ற ஆறு நாளும் மனு எழுத வேண்டும், மாப்பிள்ளை பார்க்க வேண்டும், வேலிச் சண்டை தீர்க்க வேண்டும்.

1. மனு

எங்கள் சபையில் பிடியரிசிக் காணிக்கை உண்டு. பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வரும். அதில் ஒரு பங்கு விதவை ஞானம்மாளுக்கு. ஆராதனை முடிந்ததும் அவளைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்க நான்தான் அளந்து கொடுப்பேன். நல்ல வழக்கம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆதரவற்றவர்களுக்குச் சர்க்கார் மாதச் சகாயம் தருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"உபதேசியாரே, எனக்கு ஒரு மனு எழுதித் தாருங்க. ஆருட்டயும் சொல்லாண்டாம்."

எழுதிக் கொடுத்தேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சபைக் காரியங்களைப் பார்க்கும் மாசிலாமணி டீக்கனாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவர் கொப்பரை வியாபாரி, சபையிலேயே பெரிய பணக்காரர். கொடுப்பதிலும் பெரிய கை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதிலும் குறை வைக்க மாட்டார்.

"என்ன உபதேசியாரே, நம்ம சபையில ஒருத்தி தரித்திரம் பிடிச்சுக் கெடக்கான்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்தீராக்கும்? தர்மம் செய்யது சபைக்க வேல. ரோடு போடுகதுதான் சர்க்காருக்க வேல."

"ரோடும் போடலியே," என்றேன். அதை அவர் ரசிக்கவில்லை.

2. விசாரணை

குமாஸ்தா வருகிற நாள் தெரிந்ததும் ஊர்ப் பெண்களுக்கு ஒரே கவலை. சகாயம் கிடைக்குமா என்ற கவலை அல்ல. வெளியூர் ஆபீசர் வந்து பார்க்கும்போது, நம் சபைப் பெண்ணின் வீடு மொட்டையாகக் கிடந்தால் மானம் என்னாவது?

அன்று காலையில் நான் பக்கத்து ஊரில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் காரியத்தை முடித்துவிட்டார்கள். டீக்கனார் வீட்டிலிருந்து கட்டிலும், கைவைத்த நாற்காலியும். யாரோ சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். மூலையில் ஒரு குலை செந்துளுவன் வாழைப்பழம், ஒரு குறுணி அரிசி. ஆபீசருக்கு முட்டை பொரிக்க வேண்டுமே என்று எலிசபெத் அக்கா கோழியையே கொண்டுவந்து விட்டிருந்தாள். இத்தனைக்கும் நடுவில் ஞானம்மாள் நிற்க இடமில்லாமல் விக்கித்துப்போய் நின்றாள்.

குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பழம் சாப்பிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், மணியும் சரியாகவே இருந்தது.

"இவ்வளவு சவுகரியம் எனக்க வீட்டுல இல்லியே உபதேசியாரே," என்று சொல்லி, காகிதத்தில் 'வசதி உண்டு' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பின்னாலேயே ஓடினேன். "ஐயா, அதெல்லாம் இரவல்!"

"ஒண்ணுமில்லன்னு மனுவுல எழுதினதும் நீரு. எல்லாம் கண்ட பிறவு இரவல்னு சொல்லுகதும் நீரு. நான் எந்த உபதேசியார நம்பட்டு?"

நியாயமான கேள்வி. ஒரே ஒரு தடவை திரும்பி வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். மனிதர் இரக்கப்பட்டு வந்தார்.

எங்கள் சபையார் கொடுப்பதில் வேகம். திரும்ப எடுப்பதில் அதைவிட வேகம். கட்டில் வாசலில் குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. எலிசபெத் அக்கா கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். டீக்கனார் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நேராக எங்கள் எதிரில் வந்தார்.

"இது ஆருக்க நாற்காலி?" என்று கேட்டார் குமாஸ்தா.

டீக்கனாருக்கு இக்கட்டு. தன்னுடையது என்றால் சபை மானம் போகும். அவளுடையது என்றால் நாற்காலி போகும்.

ஞானம்மாள்தான் கட்டிலைத் தாண்டி வெளியே வந்தாள். "நாற்காலி டீக்கனாருக்க. கோழி எலிசபெத்துக்க. அரிசி சபைக்க. எனக்குள்ளது இந்தச் சட்டி மட்டுந்தான். எழுதுங்க ஐயா."

குமாஸ்தா சிரித்துக்கொண்டே முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

டீக்கனாருக்கு மனம் தாங்கவில்லை. நாற்காலியைக் கீழே இறக்கினார். "சபை உனக்கு என்ன கொற வச்சுது ஞானம்மா?"

"ஒரு கொறயும் வைக்கல்ல. ஒருநாளு நாலு சாளை வாங்கினேன். 'மீன் வாங்கக் கையில சக்கரம் இருக்குல்லா, பிறவு சபை அரிசி எதுக்கு'ன்னு உங்க வீட்டம்மா கேட்டாவ. அன்னையோட மீன் வாங்குகத விட்டாச்சு. ஏழு வருசமா மீன்காரி சத்தம் கேட்டா கதவச் சாத்திக்கிடுவேன். சர்க்காரு எனக்க சட்டிய எட்டிப் பாக்காதுல்லா?"

"இன்னைக்கு ஒரு நாளு பாத்தாச்சு. இனி பாக்காது," என்றார் குமாஸ்தா.

எல்லாரையும்விட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வாராவாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அளந்து போட்டவன் நான் அல்லவா?

3. பாடம்

அடுத்த ஞாயிறு முதல் ஆலயத்தில் பெயர் கூப்பிடுவதை நிறுத்தினேன். அரிசி போக வேண்டிய வீட்டுக்குச் சத்தமில்லாமல் போனது. டீக்கனார் முணுமுணுத்தார், தடுக்கவில்லை.

சகாயம் கைக்கு வந்த மாதம் ஞானம்மாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சாளை இல்லை, நெய்மீன். என் தட்டில் பெரிய துண்டாக மூன்று வைத்தாள். நெய்மீன் விற்கிற விலை எனக்குத் தெரியும். முதல் சகாயத்திலேயே நெய்மீனா என்று கேட்க வாயைத் திறந்தும் விட்டேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உபதேசியாரே?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு துண்டு வையும்," என்றேன்.

நாற்பது வருஷ ஊழியத்தில் நான் செய்த நல்ல பிரசங்கம் அதுதான்.