பாலன் இல்லாத குடில்

ஏலத்துக்கு வந்த சாமானை பிறிஜெற் முதலில் பார்ப்பதில்லை. போனைக் கையில் எடுத்ததும் வலக்கைப் பெருவிரலைக் கவுணில் ஒருதரம் துடைத்துக்கொள்வாள். பிறகு படத்தை இரண்டு விரலால் விரித்து அதன் மூலைகளுக்குப் போவாள். சாடிக்குப் பின்னால் தெரியும் சுவர், மேசைக்காலுக்குக் கீழே இருப்பது சீமெந்துத் தரையா மாபிளா, சுவிச்சைச் சுற்றிப் படிந்த கை அழுக்கு, ஓரமாய் விழுந்திருக்கும் ஜன்னல் நிழல். எல்லாவற்றையும் பார்த்து முடித்துத்தான் நடுவில் இருக்கும் சாமானுக்கு வருவாள். சாமானைத் துடைத்து மினுக்கலாம், பின்னால் இருக்கிற சுவரை யாரும் மினுக்குவதில்லை என்பாள்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் அவளுடைய வீடு. கணவன் வலன்ரைன் துறைமுகத்தில் கிளார்க். வெளிநாடு போகிறவர்கள் விட்டுப்போகும் சாமான்களைப் போனிலுள்ள ஓர் ஏலக் குழுவில் கேட்டு வாங்கி, திருத்தி, அதே குழுவில் திரும்ப ஏலம் போடுவது அவள் தொழில். புதுசு என்று சொல்லி வந்த மின்விசிறிக்கு இறக்கை இரண்டுதான் இருந்திருக்கிறது. வாங்கிப்போன நிலைக்கண்ணாடியை, அதில் தன் முகம் சரியாய் விழவில்லை என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். பழைய தையல் மெசினின் லாச்சிக்குள் பஞ்சில் சுற்றிய பால்பல் ஒன்று கிடந்தது. அதை எறிய மனம் வராமல் மாதா சுரூபத்துக்கு அடியில் வைத்துவிட்டாள்.

கார்த்திகை மழை பிடித்திருந்த நாட்களில்தான் அந்தக் கிறிஸ்மஸ் குடில் ஏலத்துக்கு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து யாரோ போட்டிருந்தார்கள். பழைய இத்தாலிச் சுரூபங்கள். சூசையப்பர், மாதா, மூன்று ராசாக்கள், இடையர், ஒட்டகம், ஆடுகள். அவளுடைய வீட்டுக் குடிலைப் போன வருசம் கறையான் தின்றுவிட்டது. மகள் நிலூஷா தை மாதம் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாள். வீட்டில் மூன்று பேரும் ஒன்றாய் இருக்கப்போகும் கடைசி நத்தார் இதுதான். இந்தக் குடில் நடுஹோலில் இருக்கவேண்டும் என்று பிறிஜெற் படத்தைப் பார்த்த உடனேயே தீர்மானித்துவிட்டாள்.

வேறொருவரும் அதையே தீர்மானித்திருந்தார். குழுவில் அவருடைய படம் ஒரு தங்கமீன், பெயரும் தங்கமீன். பிறிஜெற் கேட்கக் கேட்க அவர் மேலே கேட்டார். ஏலம் முடியப்போகிற நேரத்தில் ஒரு மூச்சில் தூக்கிக்கொண்டு போனார். அவள் போனைக் கட்டிலில் எறிந்தாள்.

ஆனால் தங்கமீன் சாமானை எடுக்க வரவில்லை. சொன்ன நாள் கழிந்ததும் குடில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. மறுபடியும் தங்கமீன், மறுபடியும் ஆள் இல்லை. ஏலத்தில் எடுத்துவிட்டு வராத இப்படியான ஆட்களைக் குழுவில் ஒருவருக்கும் பிடிக்காது. பிறிஜெற் குழுவை நடத்தும் ஸப்வானுக்குப் போன் எடுத்தாள். கொம்பனித்தெருவில் போன் கடை வைத்திருக்கும் பொடியன் அவன்.

"அந்த மீனைத் தூக்குங்கோ தம்பி. வாங்கவும் இல்ல, மற்றவைய வாங்க விடவும் இல்ல."

ஸப்வான் தயங்கவில்லை. தனக்கும் அந்த ஆளால் கரச்சல்தான், ஒரே விற்பனையாளரின் சாமான்களாய்ப் பார்த்து மறித்துக்கொண்டிருக்குது என்றான். அன்று பின்னேரமே தங்கமீன் குழுவில் இல்லை. மூன்றாம் முறை குடில் ஏலத்துக்கு வந்தபோது பிறிஜெற்றுக்கு எதிரே யாருமே கேட்கவில்லை. அவ்வளவு இலேசாய்க் கிடைத்தது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

எடுக்கப் போன அன்று கடல் பக்கமிருந்து மழை சாய்வாய் அடித்தது. தண்டவாளத்தை ஒட்டிய பழைய ஃபிளாட். கதவைத் திறந்தவன் மரியாதையான இளைஞன், பெயர் தியாகு. பெட்டியை வாசலிலேயே தயாராய் வைத்திருந்தான். அவனுடைய தோளுக்கு மேலால் பச்சைச் சுவரும் தண்ணீர் இல்லாத ஒரு மீன்தொட்டியும் தெரிந்தன. தொட்டிக்குள் கூழாங்கற்கள் காய்ந்து கிடந்தன.

பிறிஜெற் வாசற்படியிலேயே குந்தி, சுரூபங்களை ஒவ்வொன்றாய் எடுத்து எண்ணினாள். பாலன் யேசு இல்லை. வைக்கோல் தொட்டில் வெறுமையாய் இருந்தது.

"பாலன் எங்க தம்பி?"

"எந்தப் பாலன் அன்ரி? பெட்டி இப்பிடித்தான் அலுமாரிக்கு மேல இருந்தது."

அவளுக்குக் கை நின்றது. கிறிஸ்தவ வீடுகளில் குடில் பெட்டிக்குள் பாலனை யாரும் போடுவதில்லை. நத்தார் இரவுப் பூசைக்குப் பிறகுதான் தொட்டிலில் வைக்கவேண்டும் என்பதால் வீட்டுக்காரி அவரைக் கைலேஞ்சியில் சுற்றித் தன்னுடைய உடுப்புகளுக்குள் தனியாய் வைத்திருப்பாள். பெட்டி அலுமாரிக்கு மேலே போகும், பாலன் அலுமாரிக்குள் போவார். இது தெரியாத ஒருவன் அந்த வீட்டுக்காரியைக் கேட்காமல் பெட்டியை இறக்கி விற்கிறான்.

இந்தக் குடில் ஆருடையது என்று விசாரித்தாள். அண்ணாவின் மாமியாருடையது, றஞ்சிதம் என்று பெயர், அவ இப்போது மகளோடு வெளிநாட்டில் என்று தியாகு சொன்னான். சொல்லிக்கொண்டே கதவைப் பாதி சாத்தினான். அப்போது உள்ளே எங்கேயோ ஒரு சின்ன மணி கிலுங்கியது. பூசை மணி மாதிரி, கையால் ஆட்டுகிற மணி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மணி இன்னும் ஒருதரம் கிலுங்கி நின்றது. கீழே ரயில் போனது. பிறிஜெற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஓட்டோவில் வரும்போது அது பக்கத்து வீட்டு மணியாய் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடிலை நடுஹோலில் வைத்தாள். நிலூஷா படம் பிடித்து சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். வெறும் தொட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் பிறிஜெற்றுக்கு அந்த மணிச்சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு பச்சைச் சுவர் அடிக்கடி வந்தது. முதலில் மீன்தொட்டி. பிறகு சாப்பாட்டு மேசை, கோப்பைகள், ஹோல் கதிரைகள். தங்கமீன் இல்லாததால் எல்லாம் மளமளவென்று விலைப்பட்டன. படங்களின் மூலைகளை விரித்து விரித்து அந்த வீட்டுக்குள் அவள் நடந்துகொண்டிருந்தாள். ஹோல் வெறுமையாகியது. குசினி வெறுமையாகியது. பிறகு வந்தவை அறைச் சாமான்கள். கட்டிலருகே வைக்கும் விளக்கு. பிடித்துக்கொண்டு நடக்கும் நாலுகால் பிரேம், அதன் ரப்பர் பிடி விரல்பட்டு மழுங்கியிருந்தது. வெளிநாட்டுக்குப் போன மனுசி எதைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்?

கடைசியில் கண்ணாடி வைத்த அலுமாரி வந்தது. தியாகு அதை நேரே நின்று எடுக்காமல் பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தான், தான் கண்ணாடியில் விழக்கூடாது என்று. வேறொன்று விழுந்திருந்தது. பிறிஜெற் விரித்தாள். ஒரு கட்டில். போர்வை. போர்வையின் முனையில் ஒரு தலை.

வலன்ரைன் சட்டைக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"உள்ளுக்க ஆள் படுத்திருக்கு."

"தலகணியாயிருக்கும். உனக்கு மூலையப் பார்த்துப் பார்த்து மூளையும் கோணிப்போச்சு."

"தலகணிக்கு நரைமயிர் முளைக்குமே?"

அவர் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு, நாளைக்கு வெள்ளவத்தைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

போனபோது ஃபிளாட்டின் கதவு அகலத் திறந்திருந்தது. இரண்டு பேர் அலுமாரியைப் படியால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் கண்ணாடியில் பிறிஜெற் தன்னைக் கண்டாள், படியோடு சேர்ந்து சரிந்து போவதை. உள்ளே பச்சைச் சுவர்களைத் தவிர ஒன்றுமில்லை. அறைக்குள் கட்டில் மட்டும் நின்றது, மெத்தையைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள்.

தியாகு ஒளிக்கவில்லை. நேற்றுத்தான் அன்ரியைக் கல்கிசைக்கு அங்கால் சிஸ்ரர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் விட்டோம் என்றான். வீட்டை வாங்கிய ஆளுக்கு வெறுமையாய்க் கொடுக்கவேண்டும், சாமான்கள் தீர்ந்ததும் அன்ரியை இல்லத்தில் சேர்க்கவேண்டும் என்பது மெல்பேர்னிலிருக்கும் அண்ணாவும் அண்ணியும் போட்ட ஒழுங்கு. அவன் அதைச் செய்து முடித்துவிட்டான், அவ்வளவுதான்.

"வெளிநாட்டில எண்டு ஏன் எனக்குச் சொன்னீர்?"

"ஆள் உள்ளுக்க இருக்கெண்டா ஒருத்தரும் சாமான் வாங்காயினம் அன்ரி." அவன் குரலில் கள்ளமோ வெட்கமோ இல்லை. அதுதான் பிறிஜெற்றைப் பயப்படுத்தியது.

அடுத்த ஞாயிறு குடிலைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். நிலூஷா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒட்டகத்தைத் தானே பஞ்சில் சுற்றிக் கொடுத்தாள்.

இல்லத்தில் றஞ்சிதம் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தா. வாதம் வந்த பிறகு நாக்கு அவ்வளவாய்ப் புரளாது என்று அங்கிருந்த சிஸ்ரர் சொன்னா. பிறிஜெற் பக்கத்து மேசையில் சுரூபங்களை ஒவ்வொன்றாய் வைத்தாள். கிழவி கண்ணாலேயே எண்ணினா. காது உடைந்த ஆடு வந்ததும் உதடு அசைந்தது. பிறகு இடக்கையைத் தலகணி உறைக்குள் விட்டு ஒரு கைலேஞ்சி முடிச்சை எடுத்தா. பிறிஜெற் தன்னை அறியாமல் கையை நீட்டினாள்.

"இன்னும்... இருபத்துநாலு வரேல்ல," என்று றஞ்சிதம் மெதுவாய், ஒவ்வொரு சொல்லாய் இழுத்துச் சொன்னா. முடிச்சு மறுபடி உறைக்குள் போய்விட்டது.

அந்த நத்தாருக்குக் கொட்டாஞ்சேனை வீட்டின் நடுஹோலில் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் குடில்தான் இருந்தது. நிலூஷா தை மாதம் போனாள். அவளை விமானநிலையத்தில் விட்டுவந்த கிழமையில் சிஸ்ரர் பிறிஜெற்றுக்குப் போன் எடுத்தா. றஞ்சிதத்தை அடக்கம் பண்ணியாயிற்று. குடில் அதைக் கொண்டுவந்தவளிடமே போகவேண்டும் என்பது அவவுடைய விருப்பம்.

இந்த முறை தொட்டிலில் பாலன் கிடந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டே சிஸ்ரர் கதைத்தா. வந்த புதிதில் கிழவி ஒரே விசயத்தைத்தான் இழுத்து இழுத்துத் திரும்பத் திரும்பச் சொன்னாவாம். தன்னுடைய சாமான்களைப் போனில் விற்கிறார்கள், படுத்த படுக்கையில் இருந்துகொண்டே தானும் அந்தக் குழுவில் சேர்ந்து, மற்றவர்கள் எடுக்காதபடி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு மறித்தேன், சாமான்கள் கிடக்குமட்டும் தன்னையும் கிடக்க விடுவார்கள் என்று நினைத்தேன் என்றாவாம். பிறகு யாரோ முறைப்பாடு கொடுத்துத் தன்னை வெளியே போட்டுவிட்டார்களாம்.

"மகள் அனுப்பின போன். வீட்டில வளர்த்த தங்கமீனைத்தான் அதில படமா வச்சிருந்தவ," என்றா சிஸ்ரர்.