இருபத்துமூன்று சதவீதத்தில் நின்ற நிக்காஹ்

23 சதவீதம்

"அக்கா, சிஸ்டம் பூடுச்சிக்கா! நீல கலர்ல என்னென்னமோ எழுதிக்கினு வருது. பதினொன்றரைக்கு நிக்காஹ். ஜல்தியா வாக்கா!"

காலை ஏழரைக்கு முருகேசன் திண்டிவனத்திலிருந்து போனில் கத்தினான். நான் விழுப்புரத்தில் இரண்டாவது தோசையில் இருந்தேன். முருகேசன் கல்யாண வீடியோ எடுப்பவன். நான் இருபத்தாறு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவள். நீல ஸ்கிரீனுக்கெல்லாம் அசருகிற ஆள் நானில்லை.

"ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கும்டா. அரை மணி நேரத்துல புதுசா போட்டுத் தர்றேன். நீ போய் டீ குடி" என்றேன். இந்த வாயை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

மண்டபம் திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில். பெண் வீட்டார் கோட்டக்குப்பத்துக்காரர்கள். மணப்பெண் பர்வீனுக்குத் தகப்பனார் இல்லை. படிக்க வைத்தது, நகை சேர்த்தது எல்லாம் அண்ணன் ரபீக். அவர் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அந்த ஊரில் சாதாரண வீடியோ காலுக்குத் தடை, எடுக்காது. முருகேசன் தன் சிஸ்டத்திலிருந்து அனுப்பும் மீட்டிங் லிங்க் மட்டும்தான் எடுக்கும். ரபீக்குக்கு அங்கே பத்து மணிக்கு டீ பிரேக். நம் கணக்கில் பதினொன்றரை. பன்னிரண்டுக்கு மறுபடி வேலைக்கு ஏறிவிடுவார். அந்த அரை மணிக்குள் நிக்காஹ் நடக்க வேண்டும், அவர் பார்க்க வேண்டும். நான் டூல் பையைத் தரையில் வைப்பதற்குள் பெண்ணின் தாயார் சபுரா அம்மா இதை மூன்று தரம் சொல்லிவிட்டார்.

"அவன் பார்க்காம நான் ஆரம்பிக்க விடமாட்டேம்மா" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது.

"கவலைப்படாதீங்கம்மா, ஒம்பதரைக்கு ரெடி" என்றேன். பென்டிரைவைச் சொருகி இன்ஸ்டால் போட்டேன். 23 சதவீதத்தில் எரர் வந்து நின்றது.

61, 8, 44

சரி, பென்டிரைவ் கோளாறு. இன்னொன்றைச் சொருகினேன். 61 வரை ஜம்மென்று போய் நின்றது. அப்படியானால் டிஸ்க், அதாவது எஸ்.எஸ்.டி. போயிருக்கும். என் பையிலிருந்த புதிய எஸ்.எஸ்.டி.யை மாட்டினேன். எட்டிலேயே மூச்சு நின்றது.

இளைய தலைமுறை சர்வீஸ்காரர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் முதலில் பென்டிரைவையோ டிஸ்கையோ சந்தேகப்படலாம். இடம் மாறி மாறி நின்றால் முதல் சந்தேகம் மெமரிப் பட்டையான ரேம் மேல்தான் போக வேண்டும். எனக்கு இது தெரியாதா? தெரியும். உடனே முருகேசனின் ரேமைக் கழற்றிவிட்டு என் டெஸ்டிங் ரேமை மாட்டினேன்.

அந்த ரேமைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. எத்தனையோ சிஸ்டங்களில் மாட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் என்னை ஏமாற்றியதில்லை. கட்டிய கணவரைக் கூடச் சந்தேகப்படுவேன், அதைச் சந்தேகப்பட மாட்டேன். அது 44 சதவீதத்தில் நின்றது. அப்படியென்றால் கோளாறு ரேமில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு நான் பண்ணிய கூத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேபிளை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். மண்டபத்து கரண்ட் சரியில்லை என்று மேனேஜரிடம் சண்டைக்குப் போய், ஜெனரேட்டரைப் போட வைத்தேன். 17. பிரியாணி அடுப்புச் சூட்டில் சிஸ்டம் சூடாகிறது என்று ஒரு பெரிய ஃபேனைக் கொண்டுவரச் சொன்னேன். 52. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல, "இப்ப எத்தினிம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முருகேசன் ஐந்தாவது டீயில் இருந்தான்.

கேமரா மாட்டும் கார்டு அந்த ஒரு சிஸ்டத்தில்தான் இருந்தது. வேறு எதைக் கொண்டுவந்தும் பயனில்லை. மணி பதினொன்று. மாப்பிள்ளை வந்துவிட்டார். மேடையில் நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் உட்கார்ந்து பதிவேட்டில் பெயர்களை முதலில் பென்சிலில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சபுரா அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் என் கையைவிட்டு நகரவில்லை.

சந்தனம்

வந்த ஆத்திரத்தில் என் ரேமைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். சபுரா அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"ஏம்மா, இதுல சந்தனம் வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு?"

முந்தின நாள்தான் ஆயுத பூஜை. கடையில் ஸ்க்ரூடிரைவர் முதல் மல்டிமீட்டர் வரை பரப்பிவைத்து, என் கையாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒன்பது வருடம் உழைத்த ரேமுக்கு மட்டும் விசேஷ மரியாதை: தங்க நிறத்தில் மின்னுகிற காண்டாக்ட் வரிசையின் நட்டநடுவில், கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் காய்ந்து தங்கத்தோடு தங்கமாக ஒட்டிக்கொண்டது. மண்டபம் முழுக்கச் சந்தன வாசனை வேறு. பக்கத்திலேயே மணத்தும் எனக்கு உறைக்கவில்லை.

முருகேசனின் ரேம் உண்மையிலேயே செத்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க வந்த என் ரேமை நானே பூஜை போட்டுப் படுக்க வைத்திருந்தேன். எதை வைத்துச் சோதிக்கிறோமோ அதை முதலில் சோதிக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

"ரப்பர்! யாராவது ரப்பர் குடுங்க!" என்று கத்தினேன். காண்டாக்டைச் சுத்தம் செய்ய எங்கள் தொழிலில் பென்சில் ரப்பரை மிஞ்சி எதுவும் கிடையாது. மண்டபமே திகைத்தது. ஹஜ்ரத் மட்டும் நிதானமாகத் தம் ரப்பரை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா. மெதுவா தேய்ங்க" என்றார்.

100

23 தாண்டியது. 44 தாண்டியது. 61 தாண்டியபோது மாப்பிள்ளையின் மாமா எழுந்து நின்றுவிட்டார். நூறு வந்ததும் கைதட்டினார், மண்டபமே சேர்ந்து தட்டியது. ஹஜ்ரத்துகூடச் சிரித்துவிட்டார். டிரைவர் சாஃப்ட்வேர் போட்டு, கேமரா மாட்டி, லிங்க் அனுப்பியபோது மணி பதினொன்று முப்பத்தெட்டு.

திரையில் ரபீக் வந்தார். தகரக் கொட்டகைக்குள், வேலை உடுப்புக்கு மேல் புதுச் சட்டை, தலையில் தொப்பி. சபுரா அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை சம்மதம் சொன்னதை ரபீக் தம் காதால் கேட்டார். பர்வீன் திரைக்கு முன்னால் வந்து, "அண்ணே, சாப்டியா?" என்றாள். அவர் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "சிஸ்டத்த சரி பண்ணவங்களக் காட்டுங்க. என்னாக்கா ஆச்சி? காலையிலேருந்து எனக்கு உசுரே இல்ல."

காரணம் சொல்ல விருப்பமில்லாதபோது எங்கள் தொழிலில் சொல்ல ஒரு வார்த்தை உண்டு: வைரஸ். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் தம் அரை மணியில் எட்டு நிமிடத்தை என்னால் இழந்த மனிதர் அவர்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. ஆயுத பூஜைக்கு ரேமுக்குச் சந்தனம் வெச்சிட்டேன்."

ரபீக் சிரித்தார் பாருங்கள், அங்கே அவர் பின்னால் நின்ற நான்கு பேரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். இங்கே பர்வீன் முக்காட்டுக்குள் குலுங்கினாள். அந்தச் சிரிப்பிலேயே அங்கே பிரேக் முடிந்த சைரன் ஊதியது. ரபீக் சிரித்துக்கொண்டே கை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

"நாலு வருசமா போன வைக்கும்போது அழுதுக்கினேதாம்மா வைப்பான்" என்றார் சபுரா அம்மா. "இன்னிக்குத்தான் சிரிச்சிக்கினு போறான்."

அன்று முதல் வைரஸ் இருந்தால் மட்டுமே வைரஸ் என்று சொல்கிறேன்.